அடைமழைக் கல்யாணம்: படம் எடுப்பவருக்கும் எடுக்கச் சொல்பவருக்கும்

புரட்டாசியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மார்கழியிலும் வைக்க மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை கடலூர் மாவட்டத்தில் இறங்குவதும் அதே இரண்டு மாதங்களில்தான். வானிலைத் துறையின் கணக்கில் அக்டோபர் 20 வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை நீளும் இந்த மழையில்தான் இந்தக் கடலோரத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் கிடைக்கிறது. ஆகவே நெல்லிக்குப்பத்திலோ மேல்பட்டாம்பாக்கத்திலோ பண்ருட்டிச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஏதோ ஒரு கிராமத்திலோ ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிப்பவர்கள், மழைக்கும் சேர்த்தே ஒரு பத்திரிகை வைத்துவிடுகிறார்கள்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கோடை மழை மாலையில் இடியோடு வரும். கடலோரத்து ஐப்பசி மழை இரவில் கடல்மேல் திரண்டு, பெரும்பாலும் பின்னிரவுக்கும் விடியற்காலைக்கும் இடையில் கரையேறிக் கொட்டும். நம் முகூர்த்தங்களோ 4.30 முதல் 6, அல்லது 6 முதல் 7.30. சூரியன் இந்த மாதங்களில் 6 மணியை ஒட்டியோ தாண்டியோதான் தலைகாட்டும். மேகம் மூடியிருந்தால் 6.30க்கும் விடிந்த மாதிரி இருக்காது. மழை வலுக்கும் நேரம், வெளிச்சமே இல்லாத நேரம், தாலி கட்டும் நேரம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும்போது கேமராவோடு நடுவில் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

அந்த நபருக்காகவும், அவரைக் கூப்பிட்ட வீட்டுக்காரருக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன். மழைக்காலக் கல்யாணப் படத்தின் தலையெழுத்தைப் பாதி எழுதுவது பந்தல்காரர். அவரிடம் பேச வேண்டியது வீட்டுக்காரர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். மழையால் படம் கெடுவது அபூர்வம். மழைக்குப் பயந்து நாம் செய்பவற்றால்தான் கெடுகிறது. நீலத் தார்ப்பாய், முகத்துக்கு நேராக அடிக்கும் ஃபிளாஷ், ஏசி அறையிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு வந்த கேமரா. நான் பார்த்தவரை, பாழான மழைக்கல்யாண ஆல்பங்களில் குற்றவாளிகள் இந்த மூன்றும்தான்.

மேகம் என்னும் வெள்ளைத் துணி

சித்திரை வைகாசிக் கல்யாணத்தில் 9 மணிக்கு மணமக்களை வெளியே நிறுத்திப் பாருங்கள். கண்குழியில் கருநிழல், மூக்குக்குக் கீழே மீசைபோல ஒரு நிழல், நெற்றியில் வேர்வைப் பளபளப்பு, பட்டுப்புடவையின் ஜரிகை வெளுத்துப்போய்த் தன் வேலைப்பாட்டை இழந்து நிற்கும். சின்ன இடத்திலிருந்து வரும் ஒளி கூர்மையான நிழலைத் தரும். வானத்தில் சூரியன் சின்னதுதான்.

மழைநாளில் சூரியனுக்கு முன்னால் ஊரையே மூடுகிற ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுகிறது மேகம். ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் மெதுவாக இறங்குகிறது. நிழல் கரைகிறது. மாநிறமும் கறுப்பும் அதனதன் உண்மையான செழுமையோடு பதிகின்றன. அரக்கு, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று பட்டின் நிறங்கள் ஆழமாகத் தெரிகின்றன. ஸ்டுடியோக்காரர்கள் குடையும் சாஃப்ட்பாக்ஸும் வாங்கி உண்டாக்க முயல்வது இந்த வெளிச்சத்தைத்தான்.

ஒரே குறை, அது மேலிருந்தே வருகிறது. திறந்தவெளியில் நின்றால் கண்கள் கொஞ்சம் இருண்டிருக்கும். அதற்கு நம் பழைய வீடுகளிலேயே மருந்து இருக்கிறது: திண்ணை. மேலே ஓட்டுச்சாய்ப்பு உச்சி வெளிச்சத்தை மறைத்துவிடும், தெருப்பக்கம் திறந்திருக்கும். பெண்ணைத் திண்ணையின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே உட்காரவைத்துத் தெருவைப் பார்க்கச் சொன்னால், வானம் முழுக்க அவள் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் உயிரற்றுத் தெரியும். இன்னும் நான்கடி உள்ளே தள்ளி உட்கார்ந்தால் அதே வெளிச்சம் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முற்றம் வைத்த வீடு கிடைத்தால் பாக்கியம். தாழ்வாரத்தூணில் சாய்ந்து நிற்கும் ஆளுக்கு முற்றத்திலிருந்து பக்கவாட்டு வெளிச்சம், பின்னால் கூரையிலிருந்து கயிறாக இறங்கும் நீர். இப்போது முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். நிறமற்ற தகடாக இருந்தால் பாதகமில்லை. பச்சைத் தகடு என்றால் அந்த இடத்தையே மறந்துவிடுங்கள். எல்லோரும் மஞ்சள்காமாலை கண்டவர்கள்போல இருப்பார்கள்.

தார்ப்பாயும் துணியும்

கீற்றுக்கொட்டகை போட்டுக் கல்யாணம் செய்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தென்னங்கீற்று பழுப்பு; வெளிச்சத்தை விழுங்கும், நிறத்தைக் கெடுக்காது. இன்று இரும்புக் குழாய் நட்டு, மேலே தார்ப்பாய், உள்ளே வண்ணத் துணி. விடிந்ததும் தார்ப்பாய் வழியாக வடியும் ஒளி நீலம். உள்ளே எரியும் விளக்கு மஞ்சளோ வெள்ளையோ. ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள் என்று ஆகிவிட்டால் கம்ப்யூட்டரில் எந்தப் பக்கம் திருத்தினாலும் மற்றொரு பக்கம் மோசமாகும். ஒயிட் பேலன்ஸ் என்பது படம் முழுவதையும் ஒரே திசையில் நகர்த்தும் கருவி. இரண்டு நிற ஒளி கலந்த முகத்தை அது சரிசெய்யாது.

இதற்கு வழி பணம் அதிகம் கேட்காது. பந்தல்காரரிடம் முன்கூட்டியே, மணவறைக்கு மேலாவது உள்துணி வெள்ளையாகவோ வெளிர் சந்தன நிறமாகவோ கட்டச் சொல்லுங்கள். ரோஜா நிறமும் ஊதாவும் பக்கத் திரைகளில் இருக்கட்டும். படக்காரர் ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் அந்த வெள்ளைத் துணி ஒளியை வாங்கி மெதுவாகக் கீழே இறக்கும். மேலே ரோஜாத் துணி இருந்தால் மாப்பிள்ளை முதல் புரோகிதர் வரை ரோஜாவாகத்தான் இருப்பார்கள்.

பந்தலில் கவனிக்க இன்னொன்று. இரவெல்லாம் பெய்த நீர் தார்ப்பாயில் தேங்கி, ஆங்காங்கே வயிறு தள்ளித் தொங்கும். யாராவது ஒரு பெரியவர் கம்பை எடுத்துக்கொண்டு வந்து அதைக் குத்தித் தள்ளுவார். பந்தல் ஓரத்தில் பத்துக் குடம் நீர் ஒரே வீச்சில் விழும். அந்த இடத்தில் உங்கள் கேமராப் பையை வைத்திருக்காதீர்கள். குறிப்பாக மணவறைக்கு மேலே தொங்கும் வயிற்றை முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம் முன்பே காலிசெய்துவிட வேண்டும். இதைச் சொல்ல வேண்டியது தாய்மாமன் பொறுப்பு என்று நான் வழக்கமாக ஒப்படைத்துவிடுவேன். கல்யாண வீட்டில் அவர் சொன்னால்தான் நடக்கும்.

மழை படத்தில் தெரிய வேண்டுமானால்

"அண்ணே, மழை பெய்யுது, ஆனா போட்டோல தெரியலியே" என்று கேட்காத தம்பி இல்லை. மழைத்துளி கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பொருள். வெள்ளை வானத்தைப் பின்னணியாக வைத்தால் வெள்ளையில் வெள்ளை மறைந்துபோகும். பின்னால் இருட்டு வேண்டும்: புளியமரம், தென்னந்தோப்பு, நனைந்த செம்மண் சுவர், திறந்த கதவின் உள்ளிருட்டு, தெருமுனையில் நிற்கும் கரும்பு லோடு. துளிக்குப் பின்பக்கமிருந்து ஒளி வர வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால் தூறல்கூடத் தெரியும். இல்லையென்றால் அடைமழையும் வெறும் மங்கலாகத்தான் பதியும்.

ஷட்டர் வேகத்தில் ஒரு தேர்வு இருக்கிறது. வினாடியில் முப்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒரு பங்கு என்று மெதுவாக வைத்தால் துளிகள் நூல்நூலாகக் கோடு இழுக்கும். ஐந்நூறில் ஒரு பங்குக்கு மேல் போனால் முத்துமுத்தாக நின்றுவிடும். நூல்தான் எனக்குப் பிடிக்கும். மழை என்றால் கண்ணுக்கு அப்படித்தானே தெரிகிறது. ஆனால் ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டும். குடைபிடித்து நடந்துவரும் பெண்ணை அந்த வேகத்தில் எடுத்தால் அவளும் நூலாகிவிடுவாள்.

ஃபிளாஷைக் கேமராவின் தலையில் வைத்து மழையில் நேராக அடிக்கக் கூடாது. லென்சுக்கு ஓரடி தூரத்தில் விழும் துளிகள்தான் அந்த ஒளியை முதலில் வாங்கும். படம் முழுக்கத் தேமல் பட்டதுபோல வெள்ளை வட்டங்கள். அதே ஃபிளாஷைக் கழற்றி ஒரு பாலித்தீன் பையால் மூடி, மணமக்களுக்குப் பின்னால் இடுப்பளவில் மறைத்து, கேமராவை நோக்கி அடியுங்கள். அவர்களைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு துளியும் பற்றிக்கொண்டதுபோல மின்னும். பட்டுப்புடவையின் விளிம்பும் மல்லிகைச் சரமும் ஒளிக்கோடு வாங்கும். இப்போது இளம் படக்காரர்கள் பலருக்கு இது தெரியும். தெரிந்த எல்லோரும் ஒவ்வொரு கல்யாணத்திலும் இதையே எடுப்பதுதான் சலிப்பு. ஒன்று போதும்.

மழைப்படங்களிலேயே உலகம் நன்றாக அறிந்த ஒன்றில் பெய்தது மழையே இல்லை. நியூசிலாந்துக்காரரான பிரையன் பிரேக் 1960இல் இந்தியப் பருவமழையைத் தொடராகப் படமெடுத்தார். அதில் முகத்தை நிமிர்த்தித் துளிகளை வாங்கும் ஓர் இளம்பெண்ணின் படம் பெரும்புகழ் பெற்றது. அந்தப் பெண் பின்னாளில் நடிகையாகவும் இயக்குநராகவும் பெயர்பெற்ற அபர்ணா சென். கொல்கத்தாவில் ஒரு மொட்டைமாடியில், ஏணியில் ஏறி நின்ற ஒருவர் பூவாளியால் நீர் ஊற்ற, எடுத்த படம் அது. நெல்லிக்குப்பத்தில் நமக்குப் பூவாளிச் செலவு மிச்சம்.

குடையைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புக் குடை முகத்துக்கு வர வேண்டிய ஒளியை விழுங்கும். சிவப்புக் குடை முகத்தைச் சிவப்பாக்கும். வெள்ளையோ, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடையோ இரண்டு வாங்கிவைத்தால் அதுவே சின்ன ஸ்டுடியோ. மாப்பிள்ளை அழைப்பில் சடங்குக்காகப் பிடிக்கும் குடைக்கு மற்ற மாதங்களில் வேலை இல்லை. ஐப்பசியில் அது தன் கடமையைச் செய்கிறது. அந்த வேடிக்கையை விடாமல் எடுங்கள். பட்டின் மேல் நேரடியாக மழை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டில் நீர்க்கறை உட்கார்ந்துவிட்டால் எளிதில் போகாது. சாயம் இறங்கும் புடவைகளும் உண்டு. ஒரு படத்துக்காகப் பெண்ணின் முகூர்த்தப் புடவையை நனைக்கச் சொல்லும் உரிமை எந்தப் படக்காரருக்கும் கிடையாது.

கண்ணாடியில் பூக்கும் பனி

என் முதல் மழைக்கல்யாணத்தில் நடந்தது இது. முந்தின இரவு கடலூரில் ஒரு லாட்ஜில் ஏசி போட்டுத் தூங்கினோம். 4 மணிக்கு எழுந்து, காரிலும் ஏசி ஓட, மண்டபத்துக்குப் போய்ப் பையைத் திறந்து கேமராவை எடுத்தேன். லென்ஸ் முழுக்க வெள்ளை. துடைத்தேன். மறுபடி வெள்ளை. வியூஃபைண்டரிலும் வெள்ளை. பெண்ணை அழைத்து வரும் காட்சி முழுவதும் பால் ஊற்றியதுபோல வந்தது. அந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், "சாமி பட எஃபெக்ட்டா தம்பி?" என்றுதான் கேட்டார்கள்.

காரணம் எளிது. மழை பெய்யும் விடியலில் காற்று 24 டிகிரியும் ஈரப்பதம் 95 விழுக்காடும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 23 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகிப் படியும். ஏசி அறையில் 20 டிகிரியில் இரவு முழுக்க இருந்த லென்ஸ் அப்படிப்பட்ட பரப்பு. குளிர்ந்த சோடா பாட்டிலின் மேல் வேர்ப்பதும் இதுதான். துடைப்பதால் பயனில்லை, கண்ணாடி சூடேறும்வரை படிந்துகொண்டே இருக்கும்.

இரவிலேயே கேமராப் பையை ஏசி இல்லாத இடத்தில் வைப்பது முதல் மருந்து. முடியாதென்றால் பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருந்து பிறகு திறக்க வேண்டும். மூடிய பைக்குள் ஈரக்காற்று புகாமல் கருவி மெல்ல மெல்ல வெளிச்சூட்டுக்கு வந்துவிடும். ஏசி மண்டபத்தில் தாலி, வெளியே மழையில் வழியனுப்பு என்று மாறிமாறி ஓட வேண்டியிருந்தால் இரண்டு கேமரா இருப்பது நல்லது. ஒன்று உள்ளுக்கு, ஒன்று வெளிக்கு. மழையில் லென்ஸ் மாற்றாமல் தப்பவும் அதுவே வழி.

விற்பவர் 'மழை தாங்கும்' என்று சொன்ன கேமராவையும் நம்பி நனைக்க வேண்டாம். இணைப்புகளில் ரப்பர் இருக்கிறது என்பதே அதன் பொருள். தெறிக்கும் துளியைத் தாங்கும், சொட்டச் சொட்ட நனைவதை உற்பத்தியாளரும் உறுதிசெய்வதில்லை. ஒரு பாலித்தீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டைபோட்டு ரப்பர் பேண்டால் இறுக்கினால் போதும். துடைக்க நான்கைந்து மைக்ரோஃபைபர் துணிகள் தனித்தனிக் கவரில் இருக்கட்டும். வேட்டி நுனியால் துடைப்பது நம்மவர் வழக்கம். சந்தனமும் நெய்யும் லென்சுக்கு ஏறிவிடும். ஒருவேளை கேமரா நனைந்தே விட்டால் உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த காற்றில் விட்டுவிடுங்கள். இயங்குகிறதா என்று ஆன் செய்து பார்ப்பதுதான் பல கேமராக்களைக் கொன்றிருக்கிறது. அரிசிப் பானைக்குள் புதைப்பது தவிட்டையும் மாவையும் உள்ளே அனுப்பும் வேலை. ஹேர் டிரையரும் வேண்டாம்.

ஊர் திரும்பியதும் ஈரப்பையை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். லென்சுக்குள் பூஞ்சை சிலந்திவலைபோல வளர்வதற்குக் கடலோர மழைக்காலம் ஏற்ற காலம். மூடியிருக்கும் டப்பாவில் சிலிக்கா ஜெல், முடிந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் உலர்பெட்டி.

கெட்டிமேளம்

தாலி கட்டும் கணத்துக்கு மறுமுறை கிடையாது. நாத்தனார் பின்னால் முடிச்சுக்கு நிற்கிறார், ஒருவர் விளக்கு பிடிக்கிறார், புரோகிதர் கையை உயர்த்துகிறார், தவில் எகிறுகிறது, அட்சதை போட எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். மழைநாளில் வெளியே நிற்க முடியாத கூட்டமும் பந்தலுக்குள் நெருக்கியடித்திருக்கும். இந்த நேரத்தில் இடம் தேடுகிறவர் இழந்தார். கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே மேடையின் ஒரு முனையில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்கும் மறைக்காது.

வெளிச்சம் போதாத இந்த வேளையில் பலர் செய்யும் தவறு ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டரைத் தாழ்த்துவது. 3200, 6400 என்று உயர்த்துங்கள். துளையை 2 அல்லது 2.8க்குத் திறங்கள், ஷட்டர் நூற்று இருபத்தைந்தில் ஒரு பங்குக்குக் கீழே போக வேண்டாம். கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும் படத்தை வீட்டார் மாட்டிவைப்பார்கள். தாலிக்கயிறு மங்கலாய் ஆடிப்போன படத்தை மன்னிக்க மாட்டார்கள். மலிவான எல்இடி ஃபோகஸ் விளக்குகள் எரியும் இடத்தில் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழுந்தால் ஷட்டரை நூறில் ஒரு பங்குக்கு மாற்றுங்கள். அந்த ஓர் இடத்தில் மேலே சொன்ன எல்லையை ஒரு படி தளர்த்தலாம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதில் எரியும் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டர் அந்தத் துடிப்போடு ஒத்துப்போனால் பட்டை மறையும்.

ஹோமப்புகை மழைநாளில் மேலே போகாது. ஈரக்காற்றும் தாழ்ந்த தார்ப்பாயும் அதை மணவறையிலேயே அமுக்கும். நேர் ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைச் சுவர். பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வெளிச்சம் வந்தால் அதே புகை படத்துக்கு ஆழம் தரும். நெருப்பின் ஒளி முகத்தில் விழும் கோணத்தில் ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்துப்பாருங்கள்.

வீடியோ எடுப்பவருக்கு வேறு தலைவலி. தகரக்கூரை மேல் மழை விழும் சத்தத்தில் மந்திரமும் கேட்காது, மேளமும் கேட்காது. மைக்செட்காரரிடம் சொல்லி ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரே ஒலியை எடுக்க வேண்டும். ஆனால் கூரைச் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகவும் பதிவுசெய்து வையுங்கள்.

திருவந்திபுரத்தில் நடக்கும் கல்யாணம் என்றால் கணக்கே வேறு. நெல்லிக்குப்பம், கடலூர் சுற்றுவட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு வேண்டுதல் அங்கேதான். கெடிலக் கரையில் தேவநாதசுவாமி கோயில், எதிரே ஔஷதகிரிக் குன்றின் மேல் ஹயக்ரீவர். பெரிய முகூர்த்த நாளில் நூற்றைத் தாண்டிக் கல்யாணம் நடக்கும். உங்களுக்குக் கிடைக்கும் இடம் சில அடி. நேரம் சில நிமிடம். பக்கத்து மாப்பிள்ளையின் மாமா உங்கள் படத்தில் கட்டாயம் இருப்பார். அங்கே அகலமான லென்சை நம்பாதீர்கள். 85 மி.மீ. போன்ற ஒன்றால் இரண்டு முகத்தையும் தாலியையும் மட்டும் கத்தரித்தெடுங்கள். கூட்டம் கலைந்தபின் கருங்கல் படிகளில் மழைநீர் தேங்கிக் கண்ணாடியாக மின்னும். அகல லென்சுக்கு அப்போது வேலை உண்டு. நனைந்த படி வழுக்கும். கேமராவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இறங்குங்கள்.

வானிலையும் வழியும்

கடலூர் துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றியதும் கல்யாண வீடுகளில் பதற்றம் தொற்றிக்கொள்ளும். அது கப்பல்களுக்கான எச்சரிக்கை. தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். கல்யாணத்துக்கு உதவுவது சென்னை மண்டல வானிலை மையம் மாவட்டவாரியாகத் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையும், அடுத்த மூன்று மணிநேர முன்னறிவிப்பும். 'கனமழை' என்று அவர்கள் சொன்னால் 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்று அர்த்தம், 20 செ.மீ. தாண்டினால் 'அதி கனமழை'. காரைக்கால் ரேடார் படத்தைச் செல்பேசியில் பார்க்கத் தெரிந்த ஒரு பையன் எல்லா வீட்டிலும் இருப்பான். அவனிடம் அந்த வேலையைக் கொடுத்தால், "இன்னும் இருபது நிமிஷத்துல விடும்" என்று வந்து சொல்வான். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்த இடைவெளியில்தான் மணமக்களைத் தோப்புக்கு அழைத்துப்போக வேண்டும்.

2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல் மார்கழியில் வந்ததால் முகூர்த்தங்கள் தப்பின. நிவர் அப்படியில்லை; 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி, கார்த்திகையில் வந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30இல் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்தது. அடுத்த இரு நாளில் சாத்தனூர் அணை நீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரள, கடலூரின் கரையோரக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் படத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஆட்கள் பத்திரமாக வந்து சேர்வதைப் பாருங்கள்.

வெளியூரிலிருந்து படக்காரர் வருகிறார் என்றால் முதல்நாள் இரவே ஊருக்குள் இருக்கச் சொல்லுங்கள். நெல்லிக்குப்பத்தில் 1842இல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவை நடந்துகொண்டிருந்தால் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டும். மழையும் அதுவும் சேர்ந்தால் அரைமணிப் பாதை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்து சேராத படக்காரருக்குத் தொழில்நுட்பம் எதையும் சொல்லிப் பயனில்லை.

மின்சாரம் போகும். ஜெனரேட்டர் இருந்தாலும் அது உயிர்பெறும் இரண்டு நிமிடத்தில் தாலி ஏறிவிடலாம். பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி விளக்கு ஒன்றை மடியில் வைத்திருங்கள். ஈரத்தரையில் கிடக்கும் சீரியல் செட் வயர்களை மிதிக்காதீர்கள். வீடியோ விளக்கின் வயரை மேலே தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். ஈரக்கையால் பிளக்கைப் பிடுங்கும் துணிச்சல்காரர் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒருவர் உண்டு. அவரை அன்புடன் பந்திக்கு அனுப்பிவிடுங்கள்.

எதை எடுக்க வேண்டும்

மேடையில் வரிசையாக நின்று மொய் கொடுக்கும் படம் எல்லாக் கல்யாணத்திலும் இருக்கிறது. மழைக்கல்யாணத்தில் மட்டும் கிடைப்பவை தனி. மொய் நோட்டின் மேல் பாலித்தீன் விரித்து, அதற்குள் கைவிட்டு எழுதும் சித்தப்பா. திண்ணையில் விரித்தபடி குவிந்து கிடக்கும் நாற்பது குடைகள். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தாம்பூலப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும் பெரியப்பா. கோட்டை அடுப்பிலிருந்து எழும் ஆவியும், சாய்ப்பிலிருந்து வழியும் நீரும் சேர்ந்த சமையற்கட்டு. கரைந்துபோன வாசல்கோலத்தைப் பார்த்துவிட்டுப் பந்தலுக்குள் மறுபடி புள்ளி வைக்கும் அத்தை. வாழைமரத்தின் தாரில் வரிசையாகத் தொங்கும் துளிகள். மழையால் வர முடியாதவர்களிடம் வீடியோ கால் போட்டுத் தாலியைக் காட்டும் தங்கை.

இருபது வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது, "அன்னிக்கு என்ன மழை!" என்றுதான் பேச்சு தொடங்கும். அந்தப் பேச்சுக்கு ஆல்பத்தில் சாட்சி இருக்கட்டும். மழை பெய்ததற்கான அடையாளமே இல்லாமல், வானத்தைக் கம்ப்யூட்டரில் நீலமாக மாற்றிக் கொடுக்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டார் கேட்டாலும் ஒருமுறை மறுத்துப் பாருங்கள்.

கடைசியாக, எடுத்ததைக் காப்பாற்றுவது. இரண்டு மெமரி கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா இருந்தால் அந்த வசதியைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் பந்தி நடக்கும்போதே லேப்டாப்பில் நகலெடுத்து, ஒரு நகலைப் பெண் வீட்டாரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். நனைந்த பை, வழுக்கும் பைக், இருட்டிய சாலை. இந்த மூன்றையும் நம்பி ஒரே ஒரு கார்டை எடுத்துக்கொண்டு போகக் கூடாது.

வீட்டுக்காரருக்கும் ஒன்று. ஆல்பத்தைப் பீரோவின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், பரணில் வையுங்கள். அப்படியும் வெள்ளத்தில் நனைந்துவிட்டால், ஒட்டிய பக்கங்களைக் காயவிட்டு உரிக்க முயல வேண்டாம். ஈரம் இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேல்நோக்கி இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். வெயிலில் போட்டால் சுருளும். இரண்டு நாளுக்குள் செய்ய முடியாவிட்டால் பாலித்தீன் உறையில் போட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நிதானமாக எடுத்துப் பிரிக்கலாம்.